துக்கத்துக்கு இதயப் புள்ளியில் ஊசியா?

அப்பா இறந்த துக்கத்துக்காகப் போனபோது அக்குபங்சர் மருத்துவர் மணிக்கட்டில் இதயப் புள்ளியில் ஊசி போட்டாரே, அது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் தவறு செய்யவில்லை. சீன மருத்துவத்தில் துக்கம் நுரையீரலுக்கு உரியது என்று நீங்கள் படித்ததும் சரிதான். ஆனால் அப்பா இறந்ததிலிருந்து தூக்கமே வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மணிக்கட்டில் ஊசி போட்டது அநேகமாக அதற்காகத்தான்.

சீன மருத்துவம் ஐந்து உறுப்புகளுக்கு ஐந்து மனக்கூறுகளைச் சொல்கிறது: கல்லீரலில் ஹுன், நுரையீரலில் போ, மண்ணீரலில் யீ, சிறுநீரகத்தில் ஜி, இதயத்தில் ஷென் (மனம், உணர்வு). எந்த உணர்ச்சி எங்கே தொடங்கினாலும் அதை உணர்வது ஷென்தான். இரவில் அது இதயத்தின் ரத்தத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும். நீண்ட துக்கத்தில் ரத்தம் குறைந்தால் ஷென்னுக்குத் தங்க இடமில்லை, தூக்கம் வராது என்பது அவர்கள் கணக்கு. சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு மடிப்பில் இருக்கும் ஷென்மென் (இதயம் 7, அதாவது இதயப் பாதையின் ஏழாவது புள்ளி) அதற்கான முதன்மைப் புள்ளிகளில் ஒன்று. காதிலும் இதே பெயரில் ஒரு புள்ளி உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

காலையில் காபி குடிக்கும் முன், பகல் வெளிச்சத்தில் நாக்கைப் பாருங்கள். வெளிறியிருந்தால் ரத்தக் குறைவு, நுனி மட்டும் சிவந்திருந்தால் இதயச் சூடு என்பார்கள். அப்புறம், படுத்ததும் தூக்கம் வரவில்லையா, நடுவில் விழிப்பு வருகிறதா என்று ஒரு வாரம் குறித்து அவரிடம் காட்டுங்கள். புள்ளிகளை மாற்ற அது உதவும்.

இங்கே சொல்லும் இதயமும் ரத்தமும் ஆய்வகப் பரிசோதனையில் வருபவை அல்ல. மனநல மருத்துவர் தந்த மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அடுத்த ஊசி நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள்.