முதல் கைத்துப்பாக்கி: முழு அளவா, காம்பாக்டா?

உரிமம் வந்துவிட்டது, 9 மி.மீ. பிஸ்டல்தான் என்பதும் முடிவாகிவிட்டது, பெரும்பாலும் பயிற்சிக்களத்தில் சுடுவதற்கும் வீட்டில் பாதுகாப்புக்கு வைத்திருப்பதற்கும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். காம்பாக்ட் எனப்படும் சற்றுச் சின்ன வகை கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று மனம் அந்தப் பக்கம் சாய்வதாகவும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் முழு அளவையே வாங்குங்கள். அதே மயக்கத்தில் காம்பாக்ட் வாங்கி ஓர் ஆண்டு அதனோடு மல்லுக்கட்டியவன் என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

கடை மேசையில் எடுத்துப் பார்க்கும்போது சின்னதுதான் எப்போதும் ஜெயிக்கும். காலித் துப்பாக்கியில் பின்னுதைப்பு இல்லை, வியர்வை இல்லை, ஐம்பதாவது தோட்டா இல்லை. எனக்குக் கொஞ்சம் பெரிய கை. காம்பாக்டைப் பிடித்தால் சுண்டுவிரலில் பாதிதான் பிடியில் உட்காரும், மீதி கீழே தொங்கும். முதல் தோட்டா நினைத்த இடத்தில் விழும். இரண்டாவதுக்குள் பிடி ஓர் இழை நழுவியிருக்கும். ஐந்தாவதுக்குள் கையைத் திருத்திப் பிடிக்காமல் சுட முடியாது. போதாததற்கு, பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினை வேகமாக மாற்றும்போது உள்ளங்கையின் அடிச்சதை பிடியின் விளிம்புக்கும் மேகசினின் அடித்தட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். ரத்தம் கட்டிய அந்தக் கறுப்புப் புள்ளி என் கையில் வாரக்கணக்கில் இருந்தது.

இந்த விவாதம் எங்கே தொடங்கினாலும் குழல் நீளத்தில்தான் போய் நிற்கிறது. கிளாக் நிறுவனத்தின் எல்லோருக்கும் தெரிந்த ஜோடியையே எடுத்துக்கொள்வோம். 1982-இல் வந்த கிளாக் 17-இன் குழல் 114 மி.மீ., 1988-இல் வந்த காம்பாக்டான கிளாக் 19-இன் குழல் 102 மி.மீ. இந்த 12 மி.மீ. குறைவதால் தோட்டாவின் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இலக்கில் நின்று பார்த்தால் தெரியாது. குறிபார்க்க உதவும் முன் குறிமுனைக்கும் பின்னால் உள்ள பள்ளத்துக்கும் இடையிலான தூரம் குறைவதுதான் சற்றுக் கவனிக்க வேண்டியது. 17-இல் அது சுமார் 165 மி.மீ., 19-இல் சுமார் 153. குறிமுனை ஒரு மில்லிமீட்டர் விலகிவிட்டது என்று வையுங்கள். 25 மீட்டரில் முதலாவது ஏறக்குறைய 15 செ.மீ. தள்ளி விழும், இரண்டாவது 16-ஐத் தாண்டும். இதற்கும் கீழே இறங்கி 137 மி.மீ. உள்ள கிளாக் 26 போன்ற குட்டிகளுக்குப் போனால் 18 செ.மீ. ஆகிவிடும். நன்றாகச் சுடத் தெரிந்தவர் இதைச் சமாளித்துவிடுவார். கற்றுக்கொண்டிருப்பவருக்குத் தன் தவறு எது, துப்பாக்கியின் தண்டனை எது என்றே பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே குழலை விடுங்கள், பிடியைப் பாருங்கள். அங்கேயும் பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. சின்னக் கை என்பதால் காம்பாக்ட் எடுத்தேன் என்பார்கள். மேலே சொன்ன ஜோடியில் காம்பாக்டின் பிடி குட்டையானதே தவிர மெலிந்தது அல்ல. சுற்றளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். விரல் நுனிச் சதை ட்ரிக்கரில் நேராக விழுகிறதா என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சுற்றளவுதான், பிடியின் உயரம் அல்ல. சின்னக் கைக்காரர்கள் பிடியின் பின்தகட்டை மாற்றிக்கொள்ளக்கூடிய மாடலைத் தேடுவது நல்லது.

இன்னொன்றை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. வீட்டில் அம்மாவுக்கோ மனைவிக்கோ எளிதாக இருக்கட்டும் என்று இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து வாங்குகிறார்கள். எளிதாக இருக்காது. சுடத் தயாராக்கப் பின்னால் இழுக்கும் மேல்பகுதியான சிலைடு குட்டையாகி எடை குறையும்போது அதைக் கட்டுப்படுத்தப் பெரும்பாலும் இறுக்கமான ஸ்பிரிங் தேவைப்படுகிறது; பிடித்து இழுக்க இடமும் குறைவு. முழு அளவை இழுத்துவிடும் கைகளே குட்டித் துப்பாக்கியின் சிலைடோடு போராடுவதைப் பார்த்திருக்கிறேன். எடை குறைந்தால் உதையும் கையில் கூடுதலாகத்தான் இறங்கும்.

தினமும் உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்பவராக இருந்தால் என் பதில் மாறும், அப்போது காம்பாக்ட்தான். ஆனால் காரணம் குழல் அல்ல. குழல் இடுப்போடு ஒட்டி இறங்கிவிடும். சட்டையைத் தள்ளிக்கொண்டு துருத்துவது பிடியின் அடிமுனை. அங்கே குறையும் ஒரு சென்டிமீட்டர்தான் மறைப்புக்கு உதவுகிறது. சுண்டுவிரலுக்குக் கேடு செய்வதும் அதே சென்டிமீட்டர்தான். 2018-இல் வந்த கிளாக் 19எக்ஸ் குட்டைச் சிலைடோடு முழுப் பிடியை வைத்துக்கொண்டது. கையில் அருமையாக உட்காரும், மறைப்பதற்குப் பெரிதாக உதவாது.

காம்பாக்டுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 17-இன் மேகசின் 19-இல் பொருந்தும், அடியில் சற்று நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவே. 19-இன் மேகசின் 17-இல் பொருந்தாது. பிறகு இரண்டும் வாங்கும் எண்ணம் இருந்தால் இதை மனதில் வையுங்கள். வீட்டில் எதை வைத்தாலும் பூட்டிய பெட்டியில்தான். அங்கே இரண்டு சென்டிமீட்டர் நீளம் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன், களத்தில் இரண்டும் வாடகைக்குக் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். 7 மீட்டரில் ஒரு தாளை மாட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா மட்டும் போடுங்கள். நடுவில் பிடியைத் திருத்தாமல் ஐந்தையும் சுட்டு முடியுங்கள். விரலை ட்ரிக்கரிலிருந்து எடுத்து, குழல் இலக்கை நோக்கியே இருக்க, தாளைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கையைப் பாருங்கள்: சுண்டுவிரல் எங்கே இருக்கிறது, தொடங்கிய இடத்திலேயே இருக்கிறதா?