வேலைக்குப் போய்க்கொண்டே எழுத...
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: மதுரையில் அஞ்சல் உதவியாளராக இருக்கிறேன். தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். சிறுகதை எழுத ஆசை. ராத்திரி வீடு திரும்பினால் உட்காரவே தெம்பில்லை. கதை எழுத இலாகா அனுமதி வேண்டுமா? புனைபெயரில் எழுதினால் பிரச்னை வராதா?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: ராத்திரியை விட்டுவிடுங்கள். நாள் முழுக்க கவுன்ட்டரில் பணம் எண்ணிய கண்ணுக்குத் தூக்கம்தான் வேண்டும். காலையில் அரை மணி முன்னதாக எழுந்து 200 வார்த்தை எழுதினால், பத்து நாளில் ஒரு சிறுகதையின் முதல் வரைவு கையில் இருக்கும். அதுவரை முந்தின நாள் எழுதியதைத் திருத்தாதீர்கள். பலருடைய கதை முதல் பக்கத்திலேயே மாசக்கணக்கில் கிடப்பது இதனால்தான். நிறுத்தும்போது அடுத்து நடக்கப்போவதை ஒரு வரி குறித்து வையுங்கள். மறுநாள் தொடங்க லேசாக இருக்கும்.

பஸ் பயணம் குறிப்பெடுக்க மட்டும். 'முதியோர் படும் பாடு' என்று எழுதி வைத்தால் ஒரு வாரத்தில் அது உங்களுக்கே ஒன்றும் சொல்லாது. 'கைரேகை விழவில்லை. கிழவி சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். "களையெடுத்துத் தேஞ்ச வெரலுய்யா" என்கிறாள்.' இப்படி எழுதுங்கள். போனில் வாய்ஸ் டைப்பிங் வேகம்தான். ஆனால் 'வெரலு' பெரும்பாலும் 'விரல்' ஆகிவிடும், ஒற்றும் கெடும். பேச்சு வரிகளை விரலால் தட்டுவதே நல்லது. கதையாகும்போது ஊர், தொகை, ஆள் அடையாளம் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். வாடிக்கையாளரின் கணக்கு விவரம் கதைக்குள் வரவே கூடாது.

அனுமதி விஷயம்: உங்களுக்குப் பொருந்துவது 1964-ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள். அவ்வப்போது செய்யும் இலக்கியப் பணிக்கு, அலுவல் பாதிக்காதவரை, முன் அனுமதி தேவையில்லை என்கிறது விதி 15. ஆனால் அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ விமர்சிப்பதைத் தடுக்கும் விதி 9, புனைபெயரில் வெளியாவதையும் சேர்த்தே சொல்கிறது. பெயரை மாற்றிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது.

வரைவு முடிந்ததும் இரண்டு வாரம் மூடி வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் சரியில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் முதல் பத்தியை வெட்ட வேண்டியிருக்கும், தயங்காதீர்கள்.

யூனிகோடில் தட்டச்சு செய்து, ஒரு நேரத்தில் ஒரே பத்திரிகைக்கு அனுப்புங்கள். மூன்று மாதம் பதில் இல்லையென்றால், கதையைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி மின்னஞ்சல் போட்டுவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம்.