அக்கி ஆறிவிட்டது, நெற்றி ஏன் இன்னும் எரிகிறது?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 68 வயது. முப்பது வருடம் பால்மரம் (ரப்பர்) சீவியவர். இனிப்பு நீரும் (நீரிழிவு) உண்டு. ஐந்து வாரத்துக்கு முன் இடது நெற்றியில் அக்கி வந்தது. முதலில் காவி பூசி அக்கி எழுதினோம்; ஆறாம் நாள்தான் கிளினிக்குக்குப் போனோம். புண் காய்ந்து பொருக்கும் உதிர்ந்துவிட்டது. ஆனால் பொட்டு வைக்க முடியவில்லை, சீப்பு பட்டால் அலறுகிறார். சித்திக்கு இடுப்பில் வந்த அக்கி பத்தே நாளில் போய்விட்டதே? எட்டு மாதப் பேரனை அம்மா மடியில் விடலாமா?
- ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்: சித்தியின் வயதை நீங்கள் எழுதவில்லை. நாற்பதுக்குள் இருப்பார் என்று நினைக்கிறேன். அக்கிக்குப் பின் வலி தங்குமா என்பதில் வயதுதான் பெரிய கணக்கு. அறுபதைத் தாண்டினால் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். அடுத்தது இடம். நெற்றி, கண் பக்கத்து நரம்பில் வந்தால் வலி நீடிப்பது அதிகம். கொப்புளம் நெருக்கமாக மண்டியிருந்ததா? முதல் வாரத்திலேயே தூங்கவிடாத வலியா? அவையும் சேரும். இனிப்பு நீரும் உதவி செய்யாது.

கொப்புளம் தெரியும் முன்பே வலி வந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். அதுவும் ஓர் அடையாளம். என் அப்பா, அவரும் தோட்டத்து ஆள்தான், பல்வலி என்று ஒரு நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் கன்னத்தில் கொத்தாகக் கொப்புளம்! பிறகு ஏழு மாதம் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. எதிர்க்காற்று கன்னத்தில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கிறது என்பார். வீட்டில் நாங்கள் நடிப்பு என்று நினைத்தோம். நடிப்பில்லை. சின்னம்மைக் கிருமி சிறுவயதிலிருந்தே நரம்பு முடிச்சில் பதுங்கிக் கிடந்து, விழித்து, நரம்பையே புண்ணாக்கிவிடுகிறது. தோல் ஆறினாலும் நரம்பு ஆற நாளாகும்.

ஆறு நாள் தாமதம் உங்களை உறுத்துவது கடிதத்தில் தெரிகிறது. கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையை, கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் புண் சீக்கிரம் ஆறும், கண்ணுக்கும் பாதுகாப்பு. ஆனால் பின்னால் வலி தங்காது என்று அந்த மாத்திரையும் உறுதி தராது. காவி மீது எனக்குள்ள கோபம் வேறு: கொப்புளம் மூக்கு நுனி வரை இறங்கியதா என்பதை அது மறைத்துவிடுகிறது. அங்கே இறங்கியிருந்தால் கண்ணுக்கு ஆபத்து. கண் சிவந்தாலோ மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

மூன்று மாதம் தாண்டிய வலியைத்தான் நாங்கள் அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்கிறோம். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பெனடோல் போன்ற சாதாரண வலி மாத்திரை இதற்குப் போதாது. கேபாபென்டின், பிரிகேபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் இருக்கின்றன. குறைந்த அளவில் தொடங்கிச் சிறுகச் சிறுக ஏற்றுவார்கள். தலைசுற்றும், ஆகவே இரவில் கழிவறைக்குப் போகும்போது யாராவது கூடப் போங்கள். இனிப்பு நீர் உள்ளவர் என்பதால் சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் அளவு அதைப் பொறுத்தது.

உங்களுக்கு ஐம்பது வயது ஆகும்போது அக்கித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள், இரண்டு ஊசி.

பேரனைத் தாராளமாக மடியில் விடலாம். பொருக்கு உதிர்ந்தபின் தொற்றாது. வலது பக்கமாக உட்கார வையுங்கள். எட்டு மாதக் கை முடியைத்தான் முதலில் பிடிக்கும்.