பஞ்சாப் கால்வாய்க் குடியேற்றங்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

வருவாய்த் துறையின் நில ஒப்படைப் பிரிவில், அதாவது அரசு நிலத்தை ஆட்களுக்கு ஒதுக்கிக் கொடுக்கும் பிரிவில், பல வருஷம் கோப்பு தள்ளியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு பிடித்துக்கொண்ட பைத்தியம், பிரிட்டிஷ் பஞ்சாபின் கால்வாய்க் குடியேற்றங்கள். தரிசு நிலத்துக்குக் கால்வாய் வெட்டித் தண்ணீர் விட்டு, வெளி மாவட்ட ஆட்களை அரசாங்கமே கொண்டுவந்து குடிவைத்த பகுதிகள் அவை. போன வாரம் அதைப் பற்றி நாலு வரி எழுதப் போய், கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன். பெரும்பாலும் செனாப் குடியேற்றத்தையே, அதாவது இன்று பாகிஸ்தானில் இருக்கும் லயல்பூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றை ஆங்காங்கே தொடுகிறேன்.

வாய்க்கால்கரை: ஐயா, இவ்வளவு நிலம் அரசாங்கத்துக்கு எங்கிருந்து வந்தது? யாரிடமிருந்தாவது பிடுங்கினார்களா?

காகிதத்தில் பிடுங்கவில்லை. ராவி, செனாப் ஆறுகளுக்கு நடுவே மேட்டுநிலமாகக் கிடந்த சாந்தல் பார் பகுதியை "தரிசு, அரசுக்குச் சொந்தம்" என்று எழுதிக்கொண்டார்கள். நம்மூர் புறம்போக்கு மாதிரி என்று வையுங்கள். கான்கியில் செனாபின் குறுக்கே அணை கட்டி, 1892இல் கீழ்ச் செனாப் கால்வாயை வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் கால்வாயாக ஆக்கியதும், ஒன்றுக்கும் ஆகாது என்றிருந்த நிலம் ஒரே நாளில் தங்கமாகிவிட்டது. 1901 கணக்கெடுப்பில் அங்கே கிட்டத்தட்ட 8 லட்சம் பேர்.

ஆனால் அது ஆளில்லாத நிலம் அல்ல. ஒட்டகமும் மாடும் மேய்த்துத் திரிந்த கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தன. அதிகாரிகள் அவர்களுக்கு வைத்த பெயர் "ஜாங்லி", காட்டான் என்று அர்த்தம். மேய்ச்சலுக்கு அவர்களிடம் வரியும் வாங்கியிருக்கிறார்கள். வரி வாங்கத் தெரிந்தவர்களுக்கு உரிமை மட்டும் கண்ணில் படவில்லை. பிறகு அவர்களில் கணிசமான பேருக்கு நிலம் கொடுத்தது உண்மை. அதற்கு அவர்கள் மேய்ப்பை விட்டு ஏர் பிடிக்க வேண்டியிருந்தது.

தஞ்சை மாப்பிள்ளை: குடியேற ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? மனு போட்டால் கிடைக்குமா?

மனு மட்டும் போதாது. அம்பாலா, லூதியானா, ஜலந்தர், ஹோஷியார்பூர், அமிர்தசரஸ், குர்தாஸ்பூர், சியால்கோட் என்று ஜனநெரிசல் மிகுந்த மாவட்டங்களாகப் பொறுக்கினார்கள். அங்கங்கே இருந்த வருவாய் அதிகாரிகள் ஆட்களை நேரில் பார்த்துப் பெயர் எழுதினார்கள். முக்கியமான விஷயம், நிலமே இல்லாதவனுக்கு நிலம் கொடுப்பது நோக்கம் அல்ல. பரம்பரையாக நிலம் வைத்திருந்து, இப்போது பங்கு துண்டுதுண்டாகிவிட்ட குடியானவன்தான் அவர்களுக்கு வேண்டும். விவசாயம் தெரியும், உடம்பில் தெம்பு இருக்கும், வரி ஒழுங்காகக் கட்டுவான் என்ற கணக்கு. ஒரே ஊர், ஒரே சாதிக்காரர்களைச் சேர்த்து ஒரே கிராமத்தில் வைத்தார்கள். புது இடத்தில் சண்டை வராது, ஒருவன் ஓடினால் மற்றவன் இழுத்துப் பிடிப்பான் என்ற யோசனை.

நீலமலர்: அப்படியானால் தலித் மக்களுக்கு?

ஒப்படையில் இடம் இல்லை என்றே சொல்லலாம் அம்மா. 1900இல் வந்த பஞ்சாப் நில உரிமை மாற்றுச் சட்டம், யார் "விவசாய சாதி" என்று அரசே பட்டியல் போட வழி செய்தது. உழைக்கும் சாதிகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். புதுக் கிராமங்களுக்கு அவர்களும் போனார்கள், ஆனால் கூலிகளாக, தோல் வேலைக்காரர்களாக, துப்புரவு செய்பவர்களாக. கால்வாய் தோண்டிய கைகளுக்கு வயல் கிடைக்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு அந்த அதிகாரிகள் மேல் எந்த இரக்கமும் கிடையாது.

கணக்குப்பிள்ளை: "முரப்பா" என்று ஒரு அளவு சொல்கிறார்களே, அது என்ன? இஞ்சி முரப்பாதான் எனக்குத் தெரியும்.

சிரித்துவிட்டேன். இது வேறு. நாலு பக்கம் கொண்டது என்று பொருள்படும் அரபுச் சொல், சதுரம். செனாபில் ஒரு சதுரத்தின் பக்கம் 1,100 அடி. பக்கத்துக்கு ஐந்தாகப் பிரித்தால் 25 கட்டம், ஒவ்வொன்றும் 220 அடிக்கு 220 அடி. அந்தக் கட்டத்துக்குப் பெயர் கில்லா. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கில்லா 1.11 ஏக்கர், முழுச் சதுரம் ஏறக்குறைய 28 ஏக்கர் வரும். இந்தப் பின்னம் எழுத்தர்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கும். பின்னால் வந்த குடியேற்றங்களில் கில்லாவின் ஒரு பக்கத்தை மட்டும் 198 அடியாகக் குறைத்தார்கள். கில்லா சரியாக ஒரு ஏக்கர் ஆகிவிட்டது. நம்மூர்ப் புல எல்லைக்கல் வளைந்து நெளிந்து போவதைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த வரைபடங்களைப் பார்த்தால் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும்.

சேலம் சுந்தரம்: எல்லோருக்கும் ஒரே மாதிரி குத்தகையா?

இல்லை, மூன்று ரகம். குடியானவனுக்கு அரைச் சதுரம் முதல் இரண்டு சதுரம் வரை. நடுத்தர நிலக்காரனுக்கு நாலைந்து சதுரம். பணக்காரனுக்கு ஆறு முதல் இருபது வரை. நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் குடியானவர்களுக்குத்தான் போனது. ஆனால் சூட்சுமம் உரிமையில் இருக்கிறது. மேல் இரண்டு ரகமும் காணிக்கைப் பணம் கட்டி, ஐந்து வருஷம் கழித்து நிலத்தை விலைக்கே வாங்கிக்கொள்ளலாம். குடியானவனுக்கோ ஐந்து வருஷச் சோதனைக்குப் பிறகும் அனுபவ உரிமை மட்டும்தான். விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. நில உடைமையாளர் அரசாங்கம், இவன் அதன் குத்தகைக்காரன். 1893இல் போட்ட சட்டத்தின் பெயரிலேயே "அரசுக் குத்தகையாளர்" என்று வருகிறது.

பொறியாளர் தம்பி: நிபந்தனைகள் என்னென்ன? யார் மேற்பார்வை பார்த்தது?

கேட்டீர்களே, இதுதான் என் பிடித்தமான இடம். ஒப்படை பெற்றவன் அந்தக் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும். சொன்ன இடத்தில் வீடு கட்ட வேண்டும். மரம் நட வேண்டும், இருக்கிற மரத்தை வெட்டக் கூடாது. தெருவும் வீடும் சுத்தமாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல விஷயம்தான். ஆனால் "இவன் ஊரில் இல்லை" என்று எழுதுவது யார்? கீழ்மட்டச் சிப்பந்தி. தங்கை கல்யாணத்துக்கு ஜலந்தர் போய் ஒரு மாதம் தங்கினாலும் அவன் "ஊரில் இல்லாதவன்"தான். அந்த வரியை எழுதாமல் இருக்க ஒரு விலை, எழுதியதை அழிக்க இன்னொரு விலை. அதுவும் போதாமல் மேலே இருந்து அபராதம். லஞ்சமும் கொடுத்து அபராதமும் கட்டியவர்கள் உண்டு.

நான் இருந்த ஒரு அலுவலகத்தில் "நிபந்தனை மீறல்" என்று சிவப்பு மையில் எழுதிய கோப்புகள் தனி அலமாரியில் இருக்கும். வருஷக்கணக்கில் யாரும் முடிக்க மாட்டார்கள். முடிக்காமல் வைத்திருப்பதில்தான் அதன் மதிப்பு. அதனால் செனாப் கதையைப் படித்தபோது எனக்கு எதுவும் புதிதாகப் படவில்லை.

தேனி வாசகன்: அதனால்தான் 1907 கலவரமா?

அதுவும் சேர்ந்துதான். அந்த அபராதங்களுக்குச் சட்டத்தில் சரியான ஆதாரம் இல்லை. சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள், அரசுத் தரப்பு தோற்கத் தொடங்கியது. அரசாங்கம் என்ன செய்திருக்க வேண்டும்? அபராதத்தை விட்டிருக்க வேண்டும். மாறாக, 1906 கடைசியில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அபராதம் செல்லும், கோர்ட் தலையிட முடியாது, வாரிசு உரிமையிலும் கட்டுப்பாடு. போதாக்குறைக்குப் பாரி தோவாப் கால்வாய்ப் பகுதியில் தண்ணீர் வரியும் ஏறியது.

1907 மார்ச்சில் லயல்பூரில் பெருங்கூட்டம். லாலா லஜபதி ராய் பேசினார், அஜித் சிங் முன்னால் நின்றார். பாங்கே தயாள் பாடிய "தலைப்பாகையைக் காப்பாற்று, ஜாட்டே" என்ற பாட்டே போராட்டத்தின் பெயராகிவிட்டது. மே மாதம் லஜபதி ராயையும், அடுத்து ஜூன் தொடக்கத்தில் பிடிபட்ட அஜித் சிங்கையும் பர்மாவின் மாண்டலேக்கு நாடு கடத்தினார்கள். இதற்கு நடுவே மே மாதக் கடைசியில் வைஸ்ராய் மிண்டோ மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார்.

தேனி வாசகன்: அடித்த கையோடு விட்டும் கொடுத்தார்களா? ஏன்?

ராணுவம், தம்பி. அந்தக் குடியானவர்களின் அண்ணன் தம்பிகள்தான் பட்டாளத்தில் இருந்தார்கள். ஓய்வு பெற்ற சிப்பாய்களே பலர் ஒப்படைக்காரர்கள். லயல்பூரில் கோபம் வந்தால் படை முகாமுக்கு அது கடிதத்தில் போய்ச் சேரும். 1857ஐ மறக்காத ஆட்சி அது. பிறகு ஒரு விசாரணைக் குழு போட்டார்கள், 1912இல் புதுச் சட்டம் வந்தது. குடியானவனும் விலை கட்டி முழு உரிமை வாங்கலாம் என்றானது அதில்தான்.

குதிரைப் பிரியை: நிலத்துக்குக் குதிரை வளர்த்தார்கள் என்று படித்தேனே?

ஜீலம் குடியேற்றத்தில். ராணுவத்துக்குக் குதிரை வேண்டும் என்பதால் ஒப்படைக்காரன் நல்ல பெண்குதிரை ஒன்றை வைத்திருக்க வேண்டும். நிலம் மூத்த மகனுக்கு மட்டும். நிலத்தைப் பங்கு போட்டால் குதிரையை எப்படிப் பங்கு போடுவது! இளைய மகன்கள் என்ன ஆனார்கள் என்பது குதிரைக் கணக்கில் வராது. செனாபில் ஒட்டகக்காரர்களுக்கும் இதே மாதிரி நிலம் உண்டு, போர் வந்தால் ஒட்டகம் அனுப்ப வேண்டும்.

வாய்க்கால்கரை: தண்ணீரை எப்படிப் பங்கிட்டார்கள்?

முறை வைத்துத்தான். மடையிலிருந்து வரும் தண்ணீர் வாரத்தில் இன்ன நேரம் தொடங்கி இன்ன நேரம் வரை இன்னாருக்கு என்று நிலப் பரப்புக்கு ஏற்ப நேரம் ஒதுக்குவார்கள். பெயர் வாராபந்தி. உங்கள் முறை நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில்தான் மண்வெட்டியோடு போக வேண்டும். இது இன்றும் இரண்டு பஞ்சாபிலும் நடக்கிறது. வடிகாலைப் பற்றி ஆரம்பத்தில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நிலத்தடி நீர் மேலே வந்து உப்புப் பூத்தது பிறகு வந்த தலைவலி.

சிவகங்கை: பகத் சிங் பிறந்த ஊருக்கு எண்தான் பெயரா?

ஆமாம். சக் 105 ஜி.பி., ஊர்ப் பெயர் பங்கா. சக் என்றால் புதுக் கிராமம், ஜி.பி. என்பது கோகேரா கிளைக் கால்வாய். ரக் கிளையானால் ஆர்.பி., ஜங் கிளையானால் ஜே.பி. எந்தக் கால்வாயில் தண்ணீர் குடிக்கிறாய் என்பதே விலாசம். அவர் குடும்பம் ஜலந்தர் பக்கத்துக் கட்கர் கலானிலிருந்து குடியேறியது. மேலே சொன்ன அஜித் சிங் அவருக்குச் சித்தப்பா. பகத் சிங் பிறந்தது 1907 செப்டம்பரில், சித்தப்பா அப்போது மாண்டலேயில். லயல்பூர் 1977இல் பைசலாபாத் ஆகிவிட்டது. சக் எண்கள் மட்டும் மாறவில்லை.