முட்டியில்லாத யானை – கடிதம்

அன்புள்ள சார்,

அபர்டீன் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் ‘பெஸ்டியரி’ என்ற விலங்குச் சுவடியைப் பற்றி ஒருமுறை சொல்லியிருந்தீர்கள். அதைத் தொட்டு மற்ற சுவடிகளையும் பார்த்ததில் இரண்டு இரவுகள் போய்விட்டன. தங்கம் மின்னும் ஓவியங்கள்! ஆனால் கூடவே எழுதியிருப்பதைப் படித்தால் சிரிப்புதான் வருகிறது. கரடி வெறும் சதைப்பிண்டத்தை ஈன்று, நக்கி நக்கி அதற்கு உருவம் கொடுக்குமாம். யானைக்கு முட்டியே மடங்காதாம். இதையெல்லாம் நிஜமாகவே நம்பினார்களா?

கயல்விழி

அன்புள்ள கயல்விழி,

கரடியை விட்டுவிடுங்கள். பிறந்த கரடிக்குட்டி அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். கண் திறந்திருக்காது, முடியும் அனேகமாக இருக்காது. தாய் அதை நக்கிக்கொண்டேதான் இருக்கும். யாரோ எதையோ பார்த்திருக்கிறார்கள்.

யானை விஷயம் வேறு. அந்தப் பகுதியை முழுக்கப் படித்தீர்களா? முட்டி மடங்காததால் யானை மரத்தில் சாய்ந்தே தூங்குகிறது. வேடன் அந்த மரத்தைப் பாதி அறுத்து வைத்துவிட்டுப் போகிறான். யானை சாய்ந்ததும் மரத்தோடு விழுகிறது. அலறல் கேட்டு ஒரு பெரிய யானை வருகிறது, தூக்க முடியவில்லை. பன்னிரண்டு யானைகள் வருகின்றன, அவற்றாலும் ஆகவில்லை. கடைசியில் ஒரு சின்ன யானை வந்து, துதிக்கையை அடியில் கொடுத்துத் தூக்கி நிறுத்திவிடுகிறது. இதற்குச் சுவடியே பொருளும் சொல்கிறது. பெரிய யானை பழைய ஏற்பாட்டில் வரும் மோசேயின் சட்டம். பன்னிரண்டும் தீர்க்கதரிசிகள். சின்ன யானை கிறிஸ்து.

இப்போது அந்த யானைக்கு முட்டி வைத்துப் பாருங்கள். அது பாட்டுக்கு எழுந்து போய்விடும், கிறிஸ்துவுக்கு அங்கே வேலையே இருக்காது. யானையின் கால் மடங்கும் என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எழுதிவிட்டார். ஆனால் பெஸ்டியரிகளுக்கு மூலமான ‘பிசியோலகஸ்’ என்ற கிரேக்க நூலுக்கு மடங்காத கால்தான் தேவைப்பட்டது. நம்பியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. பிரசங்கத்தில் வரும் யானையின் காலை யார் போய் அளந்து பார்ப்பார்கள்?

அபர்டீன் சுவடி 1200 வாக்கில் இங்கிலாந்தில் உருவானது. அதில் சில படங்களைப் பெரிதாக்கினால் கோட்டோரமாக ஊசித்துளைகள் தெரியும். எம்ப்ராய்டரி போடுகிறவர்கள் டிரேசிங் தாளில் துளையிட்டு, பொடி தேய்த்து, டிசைனைத் துணியில் இறக்குவார்களே, அதே வேலை. படத்தைப் பார்த்துத்தான் படம். மிருகத்தைப் பார்த்து அல்ல. எனக்கு அந்தத் தங்கத்தைவிட இந்தத் துளைகள்தான் பிடிக்கும்.

1255இல் பிரான்ஸின் ஒன்பதாம் லூயி, இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றிக்கு நிஜ யானை ஒன்றையே பரிசளித்தார். லண்டன் கோபுரம் என்ற கோட்டையில் அதற்கு 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் கொட்டகை கட்டினார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ் அதை நேரில் பார்த்து வரைந்தார். அந்தப் படத்தில் முட்டி தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் பாகனையும் நிறுத்தி, இந்த ஆளின் உயரத்தை வைத்து மிருகத்தின் அளவை ஊகித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியும் வைத்தார். அவரும் துறவிதான், கயல்விழி.

அந்த யானை 1257இல் இறந்துபோனது. அதற்குப் பின் எழுதப்பட்ட பெஸ்டியரிகளிலும் யானை மரத்தில் சாய்ந்தே தூங்கியது.