நாவல் கொட்டைச் சாறு என்சைமைத் தடுக்கிறதா, தூண்டுகிறதா?

கேள்வி: எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். மால்டோஸ் போன்ற சர்க்கரைகளைக் குளுக்கோஸாக வெட்டும் என்சைமான ஆல்ஃபா குளுக்கோசிடேஸை நாவல் கொட்டைச் சாறு தடுக்கிறதா என்று பிஎன்பிஜி சப்ஸ்ட்ரேட்டை (என்சைம் வெட்டும் பொருளை) வைத்துச் சோதிக்கிறேன். சாற்றைக் கொஞ்சமாகச் சேர்த்தால் தடுப்பு தெரிகிறது. அளவைக் கூட்டினால் தடுப்புச் சதவீதம் இறங்கி மைனஸுக்கே போய்விடுகிறது. ஒப்பீட்டுக்கு வைத்த சர்க்கரை நோய் மருந்தான அகார்போஸும் சரியாகத் தடுக்கவில்லை. சப்ஸ்ட்ரேட் கெட்டுவிட்டதா?

பதில்: சப்ஸ்ட்ரேட்டின் மேல் பழி போடும் முன் உங்கள் பிளாங்கை, அதாவது என்சைம் வேலை செய்யாத ஒப்பீட்டுக் கலவையை, பாருங்கள்.

பிஎன்பிஜி என்பது குளுக்கோஸோடு பாரா நைட்ரோஃபீனால் இணைந்த, நிறமற்ற பொருள். என்சைம் அந்தப் பிணைப்பை வெட்டினால் நைட்ரோஃபீனால் விடுபடும். ஆனால் அது புரோட்டானை இழந்த பிறகுதான் மஞ்சளாகும். அதன் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகள் புரோட்டானை இழந்திருக்கும் பிஎச், ஏறக்குறைய 7.15. வழக்கமாக வினையை நடத்தும் பிஎச் 6.8இல் மூன்றில் ஒரு பங்குகூட மஞ்சளாக இருக்காது. அதனால்தான் கடைசியில் சோடியம் கார்பனேட் என்ற காரத்தைச் சேர்க்கிறோம். என்சைமும் நின்றுவிடும், நிறமும் முழுசாக வந்துவிடும்.

வில்லங்கமும் அங்கேதான். நாவல் கொட்டையில் டானின் என்ற பாலிஃபீனால் வகை ஏராளம். காரம் பட்டதும் பாலிஃபீனால்கள் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். நைட்ரோஃபீனாலின் மஞ்சளை அளக்கும் 405 நானோமீட்டரில் அவையும் ஒளியை உறிஞ்சும். வெறும் சாறும் பஃபரும் (பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்) கலந்து, கார்பனேட் சேர்க்காமல் பிளாங்க் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் கருவி அந்தப் பழுப்பையும் என்சைம் செய்த வேலையாகவே காட்டும். சாறு கூடினால் பழுப்பும் கூடும், தடுப்பு மைனஸில் போகும்.

ஒவ்வொரு செறிவுக்கும் தனித்தனி பிளாங்க் வையுங்கள். சாறு, பஃபர், சப்ஸ்ட்ரேட் சேர்த்து, அதில் முதலில் கார்பனேட், அப்புறம் என்சைம். என்சைம் அங்கே வேலை செய்யாது. மற்ற எல்லாமே சோதனைத் தட்டின் அசல் குழியில் இருப்பதுபோல இருக்கும். பழுப்பு நேரம் ஆக ஆக ஏறுவதால், கார்பனேட் சேர்த்த பிறகு எல்லாக் குழிகளையும் ஒரே இடைவெளியில் படியுங்கள்.

சப்ஸ்ட்ரேட்டையும் சோதித்துவிடலாம். 10 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் கரைத்தால் 10 மில்லிமோலார். அதில் கொஞ்சம் எடுத்துக் கார்பனேட் மட்டும் விடுங்கள். பளிச்சென்று மஞ்சள் வந்தால் ஏற்கெனவே உடைந்த சரக்கு, தூக்கிப் போடுங்கள். பாட்டிலில் ஆல்ஃபா என்றுதான் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பீட்டா வடிவமும் அதே பெயரில், அதே வெள்ளைத் தூளாகத்தான் வரும்.

கணக்குக்கு: காரத்தில் நைட்ரோஃபீனாலின் மோலார் உறிஞ்சுதிறன் (ஒரு மோலார் கரைசல் ஒரு சென்டிமீட்டரில் உறிஞ்சும் அளவு) சுமார் 18,000. ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் 0.9 என்று வந்தால் 50 மைக்ரோமோலார். 96 குழித் தட்டில் ஒளி கடக்கும் தூரம் வேறு என்பதால் இந்த எண்ணை அப்படியே போடக் கூடாது. அதே கன அளவில், கார்பனேட்டோடு, நைட்ரோஃபீனால் ஸ்டாண்டர்ட் வரைந்துகொள்ளுங்கள்.

அகார்போஸ் விஷயம் வேறு. நீங்கள் வாங்கியது ஈஸ்ட் என்சைமாகத்தான் இருக்கும். அது குடலில் இருக்கும் மால்டேஸ், சுக்ரேஸின் குடும்பமே அல்ல. அகார்போஸ் குடல் என்சைமை வலுவாகத் தடுக்கும், ஈஸ்ட் என்சைமை மிகப் பலவீனமாக. ஆகவே ‘அகார்போஸைவிட எங்கள் சாறு மேல்’ என்று ஈஸ்ட் முடிவை வைத்து ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். இப்படி வெளியாகும் கட்டுரைகள் எனக்குக் கொஞ்சம் எரிச்சலூட்டுகின்றன.

சர்க்கரை நோய் பற்றித்தான் பேச வேண்டுமென்றால் எலிக் குடல் அசிட்டோன் பவுடரும் (குடல் என்சைம்கள் உள்ள உலர்ந்த தூள்) மால்டோஸும் எடுங்கள். கொதிக்கவைத்து வினையை நிறுத்தி, வெளிவந்த குளுக்கோஸை குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ், பெராக்ஸிடேஸ் கிட்டில் அளக்கலாம். ஒடுக்கும் சர்க்கரைகளை எல்லாம் சேர்த்து அளக்கும் டிஎன்எஸ் முறை இங்கே உதவாது, மால்டோஸே ஒடுக்கும் சர்க்கரை. பாலிஃபீனால்கள் பெராக்ஸிடேஸ் நிறத்தையும் கெடுக்கும். அதனால் தெரிந்த அளவு குளுக்கோஸைச் சாற்றோடு கலந்து, அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். வினை பஃபராக டிரிஸ் வேண்டாம், அதுவே குடல் மால்டேஸைத் தடுக்கும். பாஸ்பேட்டோ மாலியேட்டோ போதும்.