டிஸ்பிளே வராத புதுக் கணினி: கேள்வி பதில்

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்த கணினியில், ஃபேன்கள் சுற்றியும் மானிட்டரில் ஒன்றும் தெரியவில்லை என்று நம் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். பவர் பட்டனை அழுத்தியதும் கணினி ஒரு வரிசைப்படிதான் இயங்கத் தொடங்குகிறது. முதலில், பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன் மின்னழுத்தங்கள் நிலைப்பட்டுவிட்டதை மதர்போர்டுக்குத் தெரிவிக்கும். பிறகு பிராசசர், மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் படிக்கும். அடுத்து ரேம் சோதிக்கப்படும். அதன் பின்னரே கிராபிக்ஸ் இயங்கி மானிட்டருக்குப் படம் போகும். ஆகவே ஃபேன் சுற்றுவதைக் கொண்டு மின்சாரம் உள்ளே வருகிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். இந்த வரிசையில் கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும் வரை, எந்தப் பாகத்தையும் பழுது என்று தீர்மானித்துப் புதிதாக வாங்க வேண்டாம்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: கோர் ஐ5 12400எஃப் பிராசசரும் தனி கிராபிக்ஸ் கார்டும் போட்டிருக்கிறேன். எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில்தான் செருகினேன். மானிட்டர் "நோ சிக்னல்" என்கிறது, ஐயா.

தம்பி, உங்கள் பிராசசரின் பெயரில் எண்ணுக்குப் பின்னால் நிற்கும் அந்த "எஃப்" எழுத்துக்கு, உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். எனவே மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அதன் வழியே படம் வராது. கேபிளைக் கழற்றி, கேபினெட்டின் பின்புறம் கீழ்ப்பகுதியில் படுக்கை வாட்டில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் துளையில் செருகுங்கள். ஏஎம்டியிலும் இதே கதைதான்: ரைசன் 5 5600இல் கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜியில் உண்டு. 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் எளிய கிராபிக்ஸ் இருந்தாலும் 7500எஃப் போன்றவற்றில் இல்லை. விலை குறைவு என்பதற்காக எஃப் வகையை வாங்கிவிட்டு, கிராபிக்ஸ் கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு அந்தக் கார்டு வரும் வரை டிஸ்பிளே வராது. கேபிளை மாற்றிய பிறகும் படம் இல்லையென்றால், மானிட்டரின் மெனுவில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

தக்கலை: எல்லா ஃபேனும் சுற்றுகிறது, கலர் விளக்குகளும் எரிகின்றன. மதர்போர்டின் ஓரத்தில் "சிபியு" என்று எழுதிய இடத்தில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு அணையாமல் இருக்கிறது. பிராசசர் போய்விட்டதா?

பிராசசர் பழுதாகி வருவது மிக அரிது. அந்த முடிவுக்குக் கடைசியாக வாருங்கள். நீங்கள் பார்த்த விளக்கு மிகவும் உதவியானது. பல மதர்போர்டுகளில் சிபியு (பிராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் தொடக்கம்) என்று 4 சிறிய விளக்குகள் இருக்கும். மேலே சொன்ன வரிசையில் எந்தப் படி தடைப்பட்டதோ அந்த விளக்கு எரிந்துகொண்டே நிற்கும். பூட் விளக்கில் நின்றால் விண்டோஸ் உள்ள டிரைவைத்தான் தேட வேண்டும், ஏனென்றால் அதற்கு முந்தைய படிகள் எல்லாம் கடந்தாகிவிட்டன.

சிபியு விளக்கு எரியும்போது முதலில் பார்க்க வேண்டியது பிராசசருக்கென்று தனியாக வரும் மின் கேபிளைத்தான். 24 பின் கொண்ட பெரிய கேபிளை எல்லோரும் மறக்காமல் செருகிவிடுகிறார்கள். அதைத் தவிர மதர்போர்டின் இடது மேல் மூலையில், கூலருக்கும் கேபினெட்டின் விளிம்புக்கும் இடையில் கை நுழையாத இடத்தில், 8 பின் துளை ஒன்று இருக்கும். அது காலியாக இருந்தாலும் ஃபேன்கள் சுற்றும், விளக்குகள் எரியும், ஆனால் பிராசசர் இயங்காது. அங்கே செருக வேண்டிய கேபிள் நான்கும் நான்குமாகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் பலர் மாற்றி அழுத்துகிறார்கள். துளைகளின் வடிவம் வேறு என்பதால் எளிதில் நுழையாது; நுழையாததைப் பலம் கொண்டு அழுத்தினால் பிராசசரும் போர்டும் சேர்ந்து போகும்.

குளச்சல்: செலவைக் குறைக்கப் பழைய கணினியில் இருந்த டிடிஆர்4 ரேம் இரண்டையும் புதிய போர்டில் போட்டேன். டிரேம் விளக்கு எரிகிறது. வீடு கடலுக்குப் பக்கத்தில்தான். அதனால் ஏதும் ஆகியிருக்குமா, சார்?

ஆகியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு முன் ரேம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்பிளே வராத கணினிகளில் நான் அடிக்கடி காணும் காரணம் அதுதான். இப்போதைய பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டுமே பூட்டு இருக்கும். பூட்டுள்ள முனையில் "டிக்" என்று சத்தம் கேட்டதும் ரேம் ஏறிவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்துவிடுகிறோம். மறு முனை பாதி தூக்கியே நிற்கும். கண்ணை ஸ்லாட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள்: ரேமின் அடியில் தங்க நிறக் கோடு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரிந்தால் அது சரியாக ஏறவில்லை. இரண்டு முனைகளிலும் கட்டைவிரலை வைத்துச் சமமாக அழுத்துங்கள்.

இரண்டாவதாக இடம். 4 ஸ்லாட் உள்ள போர்டில் 2 ரேம் போடும்போது, பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டுகளில் போடும்படிதான் பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். பிறகு ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றொன்றை ஏ2வில் மட்டும் வைத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் ரேமை மாற்றியும், பிறகு ஸ்லாட்டை மாற்றியும் பாருங்கள். ஒரு ரேமில் வந்து மற்றதில் வராவிட்டால் பழுது ரேமில். ஒரு ஸ்லாட்டில் வந்து மற்றதில் வராவிட்டால் பழுது ஸ்லாட்டிலோ பிராசசர் உட்காரும் சாக்கெட்டிலோ.

இனி உப்புக்காற்று. குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் ஆண்டுக்கணக்காகத் திறந்த ஜன்னலருகே ஓடிய கணினியின் ரேமைக் கழற்றினால், அதன் தொடுமுனைகளில் மங்கிய படலம் படிந்திருப்பதைக் காணலாம். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை ரப்பரால் அந்தத் தங்க நிறப் பகுதியை மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு போடுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தங்கப் பூச்சு உரிந்தால் அந்த ரேம் சீக்கிரமே கெட்டுவிடும்.

கருங்கல்: டிடிஆர்5 ரேமும் ரைசன் 7600உம் போட்டேன். ஆன் செய்து ஒரு நிமிடம் பார்ப்பேன், ஒன்றும் வராது, ஆஃப் செய்துவிடுவேன். இப்படிப் பல முறை செய்துவிட்டேன்.

ஆஃப் செய்யாதீர்கள். டிடிஆர்5 ரேமோடு முதல் முறை இயங்கும்போது, போர்டு அந்த ரேமுக்கேற்ற நேர அளவுகளைத் தானே சோதித்துத் தேர்ந்தெடுக்கும். உங்களுடையது போன்ற ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். திரை அதுவரை இருட்டாகவே இருக்கும், இடையில் கணினி தானாக ஒரு முறை அணைந்து எரியவும் கூடும். நீங்கள் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அந்தச் சோதனை முதலிலிருந்து தொடங்குகிறது. ஆன் செய்துவிட்டு 15 நிமிடம் தொடாமல் இருங்கள்.

திங்கள்சந்தை: பி660 போர்டும் 13ஆம் தலைமுறை கோர் ஐ5உம் வாங்கினேன். இரண்டும் பொருந்தும் என்று கடையில் சொன்னார்கள். எல்லாம் சரிபார்த்தும் சிபியு விளக்கு எரிகிறது.

கடையில் சொன்னது உண்மை, ஆனால் பாதிதான். சாக்கெட் பொருந்தும், பயாஸ் பொருந்த வேண்டுமே. பி660 போர்டுகள் 2022 ஜனவரியில் வந்தன; 13ஆம் தலைமுறை பிராசசர்கள் அதே ஆண்டு அக்டோபரில்தான் வெளிவந்தன. அதற்கு முன் தயாராகிக் கடையில் கிடந்த போர்டு உங்களுக்குக் கிடைத்திருந்தால், அதிலுள்ள பழைய பயாஸுக்கு அந்த பிராசசரை அடையாளம் தெரியாது. போர்டின் பின்புறம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிராசசர் இயங்காமலேயே பயாஸைப் புதுப்பிக்கலாம். நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து உங்கள் போர்டின் அதே மாடலுக்கான கோப்பை இறக்கி, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில், கையேடு சொல்லும் பெயரில் வைத்து, அதற்கென்று குறியிட்ட யூஎஸ்பி துளையில் செருகிப் பட்டனை அழுத்துங்கள். விளக்கு சிமிட்டி முடியும் வரை மின்சாரம் நிற்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் இடி இடித்து கரண்ட் போகும் நம் ஊரில், யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். காலை வேளையில் செய்யுங்கள். பட்டன் இல்லாத போர்டு என்றால், 12ஆம் தலைமுறை பிராசசர் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டுப் புதுப்பித்துத் தரும்படி வாங்கிய கடையிலேயே கேளுங்கள். அது நீங்கள் தயங்காமல் கேட்கக்கூடிய உதவிதான்.

இரணியல்: பழைய விஜிஏ மானிட்டரை எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வழியாக இணைத்திருக்கிறேன். படம் வரவில்லை.

அந்தக் கன்வெர்ட்டரை முதலில் சந்தேகியுங்கள். பக்கத்து வீட்டு டிவியிலாவது நேரடி எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்துப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

குலசேகரம்: பட்டனை அழுத்தினால் ஃபேன்கள் ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகின்றன. டிஸ்பிளே பற்றிய பேச்சே இல்லை.

இது ஷார்ட் ஆகும்போது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்வதன் அறிகுறியாக இருக்கலாம். கேபினெட்டில் போர்டு உட்காரும் பித்தளை நட்டுகளை எண்ணிப் பாருங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் நட்டு ஒன்று கூடுதலாக நின்றால், அது போர்டின் அடியிலுள்ள சால்டரைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். கீழே விழுந்து எடுக்காமல் விட்ட ஸ்குரூவும் இதையே செய்யும்.

உறுதி செய்ய ஒரே வழி, போர்டை வெளியே எடுப்பதுதான். மின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், 24 பின் கேபிள், பிராசசர் கேபிள் இவை மட்டும் போதும். பிராசசரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் மட்டும் கிராபிக்ஸ் கார்டையும் அதன் மின் கேபிளையும் சேருங்கள். பவர் பட்டனின் வயர் செருகும் இரண்டு பின்களை ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் கணினி ஆன் ஆகும். இங்கே இயங்கினால் பழுது கேபினெட்டிலோ நீங்கள் கழற்றி வைத்த பாகங்களிலோ இருக்கிறது; ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதைச் சேர்த்ததும் நிற்கிறது என்று பாருங்கள். அவசரப்பட்டு இரண்டைச் சேர்த்துச் செருகினால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லாமல் போகும்.

போர்டில் விளக்குகள் இல்லாதவர்கள் ஒரு சிறிய பஸ்ஸர் வாங்கி ஸ்பீக்கர் பின்களில் செருகுங்கள். ரேமை முழுவதும் கழற்றிவிட்டு ஆன் செய்யும்போது அது பீப் சத்தம் எழுப்பினால், பிராசசரும் போர்டும் உயிரோடு இருக்கின்றன என்று நிம்மதி கொள்ளலாம்.

நாகர்கோவில்: புதிய மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை) எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களைப் பயன்படுத்தலாமா? துளை பொருந்துகிறது.

கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துத் துளைகளில் எந்தப் பின்னில் எந்த மின்னழுத்தம் வரும் என்பதற்குப் பொது விதி இல்லை. ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்குள்ளேயே மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க்கும் அதிலுள்ள படங்களும் மீளாது.

பூதப்பாண்டி: இரண்டு நாள் நன்றாக ஓடியது. பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் டிஸ்பிளே போய்விட்டது.

எக்ஸ்எம்பி என்பது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு. அந்த வேகம் தாங்காமல் நிற்கிறது, அவ்வளவே. மின் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை இரண்டு முறை அழுத்திவிட்டு, போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியை 5 நிமிடம் கழற்றி வைத்துப் போடுங்கள். டிஸ்பிளே வந்ததும் எக்ஸ்எம்பியில் குறைந்த வேகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அருமனை: டிஸ்பிளே வரவில்லை என்று கையை வைத்தால் கேபினெட்டில் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. இரண்டும் ஒரே பிரச்சினையா?

இரண்டும் வேறு, ஷாக்கை முதலில் கவனியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் கண்டென்சர்கள் வழியாகச் சிறிதளவு மின்சாரம் உலோக உடலுக்கு வரும். அதை எர்த் வயர் மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருந்தும், எர்த் துளையில் வயரே இணைக்கப்படாமல் இருப்பது உண்டு. அந்த நிலையில் மானிட்டர் கேபிளைச் செருகிப் பிடுங்கினால் எச்டிஎம்ஐ துளையே கெட்டுப்போக இடமுண்டு. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகே கணினியைத் தொடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதுவரை பிளக்கைப் பிடுங்கியே வைக்க வேண்டுகிறேன்.

கன்னியாகுமரி: நீங்கள் சொல்லும் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டோம். போர்டைத் திருப்பி அனுப்புவதுதான் வழி என்று தோன்றுகிறது. என்ன கவனிக்க வேண்டும்?

அனுப்பும் முன் பிராசசரைக் கழற்றி, இன்டெல் போர்டு அல்லது ஏஎம்5 போர்டு என்றால் சாக்கெட்டின் பின்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். 12, 13ஆம் தலைமுறை இன்டெலுக்கான எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 1700 மெல்லிய பின்கள் வரிசையாக ஒரு சீராகச் சாய்ந்து நிற்கும். வரிசை கலைந்து ஒரு பின் மட்டும் வேறு பக்கம் பளிச்சிட்டால் அது வளைந்திருக்கிறது. ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் என்றால் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். வளைந்த பின்னை நீங்களே ஊசியால் நிமிர்த்த முயல வேண்டாம், பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். பின்கள் சரியாக இருந்தால், நல்ல வெளிச்சத்தில் சாக்கெட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, போர்டோடு வந்த பிளாஸ்டிக் மூடியைச் சாக்கெட்டின் மேல் பொருத்தியே பெட்டியில் வையுங்கள். அந்த மூடி இல்லாமல் போய் வழியில் பின் வளைந்தால், அதை உங்கள் கைத்தவறு என்று சொல்லி வாரண்டியை மறுத்துவிடுவார்கள்.